பழைய கிப்சன் மாண்டலின்: பிரிட்ஜை மாற்றினால் நாதம் கூடுமா?

கேள்வி (பிப்ரவரி 4)

1917ஆம் ஆண்டைச் சேர்ந்த, அமெரிக்க நிறுவனமான கிப்சன் செய்த ஏ வகை மாண்டலின் ஒன்றை வாங்கியிருக்கிறேன். முட்டை வடிவ ஒலித்துளை, ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம். மேலெல்லாம் கீறல்கள் இருந்தாலும் வெடிப்பு எதுவும் இல்லை. ஆனால் ஓசை மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கிக் கிடக்கிறது. மிக உச்சமாக ஒலிக்கும் இ (E) தந்தி மெலிந்து ஒலிக்கிறது. பழுதுபார்க்கும் கடையில் கேட்டேன். பலகைமேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிட்டு மேப்பிள் அடிப்பாகமும் கருங்காலி மேல்துண்டும் உள்ள புதியதைப் பொருத்தினால் ஒலி இரண்டு மடங்காகிவிடும் என்கிறார்கள். கூலியோடு 200 டாலர். செய்யலாமா?

பிப்ரவரி 4, இரவு

இப்போதைக்கு வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை வால்தகட்டின் (தந்திகளின் அடிமுனை மாட்டியிருக்கும் தகடு) பக்கமாகப் பிடித்து, ஒலித்துளைப் பக்கத்திலிருந்து பிரிட்ஜின் அடியைப் பாருங்கள். பாதத்துக்கும் மேற்பலகைக்கும் நடுவே வெளிச்சக் கோடு தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் வாத்தியத்தின் நோய் அங்கேதான் இருக்கிறது. அடுத்து மெல்லிய தாள் ஒன்றைப் பாதத்தைச் சுற்றிலும் செருகிப் பாருங்கள். தாள் நுழையும் இடத்தில் மரம் மரத்தைத் தொடவில்லை. அந்த இடத்தில் அதிர்வு பலகைக்குள் இறங்க வழியே இல்லை.

200 டாலர் கொடுத்து உலகத்தின் மிக நல்ல பிரிட்ஜை வாங்கினாலும், அதன் பாதம் பலகையோடு படியாவிட்டால் இப்போது கேட்பதைத்தான் மீண்டும் கேட்பீர்கள்.

பிப்ரவரி 5

நேற்று அவசரமாக எழுதினேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மாண்டலினின் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல. எட்டுத் தந்திகளின் அழுத்தம் மட்டுமே அதைப் பலகையின்மேல் பிடித்து வைத்திருக்கிறது. நடுத்தரத் தந்திகள் போட்டால் மொத்த இழுவிசை 80 கிலோவை ஒட்டி வரும். தந்திகள் பிரிட்ஜின்மேல் ஏறி வால்தகட்டை நோக்கி இறங்கும் கோணம் 15 பாகை என்று வைத்துக்கொண்டால், பிரிட்ஜ் கீழ்நோக்கி அழுத்தும் விசை ஏறக்குறைய 20 கிலோ. இத்தனை விசை இரண்டு சிறு பாதங்களின் வழியாக இறங்குகிறது. பாதத்தின் வெளி விளிம்பு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த 20 கிலோவும் நகக்கண் அளவு இடத்தில் குவியும். பழைய ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மர) பலகையில் அது பள்ளம் போடும். எனவே இதை ஒலிப் பிரச்சினையாக மட்டும் பார்க்க வேண்டாம். வாத்தியத்தின் ஆயுளும் இதில் இருக்கிறது.

இரண்டாவது விஷயம் எடை. தந்தி பிரிட்ஜை ஆட்டுகிறது, பிரிட்ஜ் பலகையை ஆட்டுகிறது. பிரிட்ஜ் கனமாக இருந்தால் வேகமான அதிர்வுகளுக்கு, அதாவது மேல்ஸ்தாயிக்கும் மீட்டலின் கூர்மைக்கும், அது ஈடுகொடுக்காது. வயலின்காரர்கள் சாதகத்தின்போது சத்தத்தைக் குறைக்கப் பிரிட்ஜின்மேல் ரப்பர் மியூட் ஒன்றைச் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். அது எடையைக் கூட்டித்தான் ஒலியை அடக்குகிறது. கடைக்காரர் மேப்பிள் என்று சொன்னதற்கும் இதுதான் அடிப்படை. கருங்காலியைவிட மேப்பிள் கணிசமாக இலேசானது. அவர் சொன்னதில் தவறில்லை. எதை முதலில் செய்வது என்ற வரிசைதான் தவறு.

பிப்ரவரி 9

அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் பிரிட்ஜில் உயரத்தை ஏற்றி இறக்கும் திருகுச் சக்கரங்கள் இருக்கின்றன. அப்படியானால் அது 1917இல் வாத்தியத்தோடு வந்த பிரிட்ஜ் அல்ல. கிப்சன் தொழிற்சாலையில் பணிபுரிந்த டெட் மெக்ஹியூ கண்டுபிடித்த அமைப்பு அது. காப்புரிமை 1921 ஜனவரி 18இல் கிடைத்தது. அதற்கு முன் வந்த ஏ மாண்டலின்களில் பெரும்பாலும் ஒரே துண்டாகச் செதுக்கிய பிரிட்ஜ்தான் இருக்கும். 1920ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் அலுமினிய மேற்பகுதி வைத்தவையும் வந்தன.

அதனால் "அசலை மாற்றலாமா" என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அசலை உங்களுக்கு முன்னால் யாரோ மாற்றிவிட்டார்கள்.

வாத்தியத்தோடு வந்த பெட்டியின் சிறு அறையைத் துழாவிப் பாருங்கள். பிக் (தந்தியை மீட்டும் சில்லு), பழைய தந்திச் சுருள், மெழுகுத் துண்டு போன்றவற்றோடு பழைய பிரிட்ஜும் கிடைப்பதுண்டு. ஒருவேளை கிடைத்து, அதன் பக்கவாட்டில் சிறு துளை தெரிந்தால் புழு அரித்தது என்று நினைத்துவிடாதீர்கள். அக்காலத்தில் பிக்கார்டை (பலகையைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) தாங்கும் ஊசி அங்கே செருகப்பட்டிருந்தது.

பிப்ரவரி 10

முந்தைய குறிப்போடு சேர்த்துப் படிக்கவும். பிற்காலத்தது என்பதாலேயே அது மதிப்பில்லாதது என்று பொருளல்ல. பிரிட்ஜின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். காப்புரிமைத் தேதி முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தால் அது 1920களில் கிப்சன் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். உப்புத்தாளோடு அதை நெருங்காதீர்கள். பத்திரமாக எடுத்து வையுங்கள். முத்திரை எதுவும் இல்லாவிட்டால் கவலையின்றி அதில் கை வைக்கலாம்.

பிப்ரவரி 16

முத்திரை இல்லை, பாதத்தின் உள்பக்கம் முழுவதும் வெளிச்சம் தெரிகிறது என்கிறீர்கள். நல்லது. இருக்கும் பிரிட்ஜையே படிய வைப்போம். செலவு உப்புத்தாள் விலைதான்.

முதலில் இடத்தைக் குறிக்க வேண்டும். நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் தங்கும் பட்டை) 12ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த மாண்டலின்களில் அது 176 மி.மீ. அளவில் வரும். 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜின் உச்சி வரையிலும் இரு ஓரங்களில் அளந்துகொள்ளுங்கள். அது சற்றுக் கூடுதலாக இருக்கும், இருக்கவும் வேண்டும். பிறகு தந்திகளைத் தளர்த்திக் கழற்றுங்கள்.

150 எண் உப்புத்தாளை, மணல் பக்கம் மேலே பார்க்கும்படி, பிரிட்ஜ் நிற்கும் அதே இடத்தில் பலகைமேல் விரியுங்கள். தாள் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பிரிட்ஜின் அடிப்பாகத்தை மட்டும், மேல்துண்டைக் கழற்றிவிட்டு, விரல்களால் மிகத் தாழப் பிடித்துத் தந்தி ஓடும் திசையில் தேய்க்க வேண்டும். உயரத்தில் பிடித்தால் அது முன்னும் பின்னும் சாயும், பாதம் உருண்டுபோகும். இருபுறமும் இரண்டு விரற்கடைக்கு மேல் நகர்த்த வேண்டாம், ஏனென்றால் பலகையின் வளைவு இடத்துக்கு இடம் மாறுகிறது. அழுத்தாமல், ஒரே திசையில் இழுத்து, தூக்கி வைத்து, மீண்டும் இழுங்கள்.

பாதம் முழுவதும் ஒரே மாதிரி கீறல் விழுந்ததும் 220க்கு மாறுங்கள். அதன் பிறகுதான் நுட்பமான வேலை. கார்பன் தாளை மைப்பக்கம் மேலே இருக்கும்படி பலகைமேல் வைத்து, பிரிட்ஜை அதன்மேல் நிறுத்தி ஒரு முறை அழுத்தி எடுங்கள். பாதத்தில் மை பட்ட இடம் உயரமான இடம். அந்த இடத்தை மட்டும் கூரான உளி முனையால் சுரண்டுங்கள். மீண்டும் அழுத்துங்கள். முதலில் ஓரங்களில் மட்டும் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். சுரண்டச் சுரண்ட அவை உள்நோக்கிப் பரவி, புள்ளி புள்ளியாகப் பாதம் முழுவதையும் நிறைக்கும். அந்த நிலைக்கு வந்தால் போதும்.

இன்னொன்று உண்டு, பலரும் சொல்லாமல் விடுவது. சக்கரம் வைத்த பிரிட்ஜில் தந்தி ஏறியதும் 20 கிலோ அழுத்தம் இரு திருகுகள் வழியாக இறங்கும். அடிப்பாகம் கொஞ்சம் வளையும். வெறும் கையில் கச்சிதமாகப் படிந்தது, தந்தி ஏறியதும் ஒரு விளிம்பில் தூக்கிக்கொள்ளும். எனவே தந்தியேற்றி, சுருதி சேர்த்து, மறுபடியும் டார்ச் அடித்துப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று முடிவு செய்யாதீர்கள்.

பிப்ரவரி 17

மிக முக்கியம். பசை தடவிய உப்புத்தாளைப் பலகைமேல் ஒட்டச் சொல்லும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. புதிய மாண்டலினுக்கு அது சரி. 1917ஆம் ஆண்டு கிப்சனில் உள்ள பூச்சு பழைய வார்னிஷ். ஒட்டியதை உரிக்கும்போது வார்னிஷும் கூடவே வந்துவிடும். நூறாண்டுப் பூச்சை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இடத்தைக் குறிப்பதற்கும் ஒட்டுநாடா வேண்டாம். அளந்து எழுதி வைத்திருக்கிறீர்கள், அது போதும்.

பிப்ரவரி 25

சாதாரணத் தாளும் நுழையவில்லை, ஓசை திறந்துகொண்டது என்று படித்தபோது மனம் நிறைந்தது. இ தந்தி இன்னும் கொஞ்சம் மெலிவாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது கடைக்காரர் சொன்ன மேப்பிளைப் பற்றிப் பேசலாம். அதற்கும் முன்னால் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது.

சுவரில் படம் ஒட்டப் பயன்படும் மெழுகு போன்ற ஒட்டுக் களிமண்ணை இரண்டு மூன்று கிராம் உருட்டி, பிரிட்ஜின் மேல்துண்டில் தந்திகளுக்கு நடுவே அப்புங்கள். வாசியுங்கள். எடுத்துவிட்டு வாசியுங்கள். எடை கூடியதும் ஒலி மங்கி "ஐயோ" என்று தோன்றினால், எடையைக் குறைத்தால் பலன் உண்டு என்று அர்த்தம். மாறாக, கூர்மை குறைந்து, மிகத் தாழ்ந்து ஒலிக்கும் ஜி (G) தந்தி உருண்டு திரண்டு இனிமையாக ஒலிப்பதாகத் தோன்றினால், இலேசான பிரிட்ஜ் உங்கள் காதுக்கு ஏற்றதல்ல. புதிய பிரிட்ஜ் வாங்கும் ஆசை உள்ள எல்லோரும் இதைச் செய்துவிட்டு வாங்கினால் எத்தனையோ பேர் வாங்க மாட்டார்கள்.

மார்ச் 8

என் கதையைக் கேட்டீர்கள். கொஞ்சம் நீளம்.

நான் டெட்ராய்ட் அருகே வசிக்கிறேன். என்னிடம் இருப்பது 1914ஆம் ஆண்டு ஏ வகை கிப்சன். ஸ்ப்ரூஸ் மேற்பலகை, பிர்ச் முதுகு. என்னிடம் வந்தபோது அதன்மேல் நின்றதும் சக்கரம் வைத்த கருங்காலி பிரிட்ஜ்தான். சமையலறைத் தராசில் நிறுத்தேன், 27 கிராம். பாதத்தைப் படிய வைத்ததுமே வாத்தியம் விழித்துக்கொண்டது. ஆனாலும் ஆசை விடவில்லை. உடைந்த மேசை ஒன்றின் கால் நல்ல கடின மேப்பிள். அதிலிருந்து ஒரே துண்டாகப் பிரிட்ஜ் ஒன்றைச் செதுக்கினேன். நடுவே வளைவாகக் குடைந்து, தோள்களை மெலிதாக்கி, 13 கிராமுக்குக் கொண்டுவந்தேன். எடை பாதிக்கும் கீழே.

தந்தியேற்றி முதல் மீட்டில் திடுக்கிட்டேன். அவ்வளவு சத்தம். பிக் பட்ட கணமே ஒலி எதிர்ச்சுவரில் மோதியது. இரண்டு வாரம் அந்த மயக்கத்திலேயே வாசித்தேன். பிறகுதான் ஒன்று உறுத்தத் தொடங்கியது. கார்வை குறைந்திருந்தது. சஹானாவில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினால் அது நிற்காமல் விழுந்துவிட்டது. ஜி தந்தியின் அடிவயிற்றிலிருந்து வரும் அந்தக் கருமையான நாதம் மெலிந்துபோயிருந்தது. பலகைக்கு ஆற்றல் சீக்கிரம் போய்ச் சேர்கிறது, அதனால் சத்தமாக ஒலிக்கிறது, அதனாலேயே சீக்கிரம் தீர்ந்தும் போகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று விலை.

அதற்குப் பிறகு கருங்காலியில் ஒரே துண்டு, 20 கிராம். அதன் பின் ஈட்டி மரத்தில் ஒன்று, கருங்காலியைவிடச் சற்று இலேசு. இந்த ஈட்டி மரத் துண்டுதான் இன்றுவரை அதன்மேல் நிற்கிறது. 13 கிராமின் பளிச்சென்ற ஓசை இதில் இல்லை, 27 கிராமின் மந்தமும் இல்லை.

ஒவ்வொன்றையும் காதால் மட்டும் நம்பவில்லை. தந்தி மாற்றிச் சுருதி சேர்ப்பதற்குள் முந்தைய ஒலி நினைவிலிருந்து நழுவிவிடும். ஒரே இடத்தில் வைத்த ஒலிவாங்கி, ஒரே நாற்காலி, ஒரே பிக், ஒரே வர்ணத்தின் பல்லவி என்று பதிவு செய்தேன். எந்தப் பதிவு எது என்று சொல்லாமல் என் மனைவியிடம் போட்டுக் காட்டினேன். அவள் வயலின் கற்றவள். மேப்பிளை முதலில் "இதுதான் நன்றாக இருக்கிறது" என்றாள். முழுப் பல்லவியையும் கேட்ட பிறகு ஈட்டி மரத்துக்கு மாறினாள். சில நொடிகள் கேட்டு முடிவு செய்பவர்கள் ஏன் எப்போதும் சத்தமானதையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அன்று புரிந்தது. கடையில் வாசித்துப் பார்க்கும்போது நமக்குக் கிடைப்பதும் அந்தச் சில நொடிகள்தான்.

மார்ச் 9

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யோசித்தபோது ஒன்று தெளிவானது. "இலேசான மேப்பிள் போடு" என்ற அறிவுரை எங்கிருந்து வருகிறது? புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வாசிப்பவர்களிடமிருந்து. அவர்கள் கையில் இருப்பது எஃப் வடிவத் துளைகள் கொண்ட மாண்டலின். வடிவமைப்பாளர் லாயிட் லோர் கிப்சனில் இருந்தபோது 1922இல் வந்த எஃப்-5 மாண்டலின் அதன் மூலமாதிரி. அதன் பலகைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு சட்டங்கள் ஓடுகின்றன. நம் முட்டைத் துளை ஏ மாண்டலினில் ஒலித்துளைக்குக் கீழே குறுக்காக ஒரு சட்டம் மட்டுமே. புளூகிராஸில் தந்தியை வெட்டித் தாளம்போல் அடிக்க வேண்டும், ஒலி உடனே எழுந்து உடனே அடங்க வேண்டும். அவர்களுக்கு 13 கிராம் வரப்பிரசாதம். நீண்ட கார்வையை நாடுகிறவனுக்கு அதே மருந்து வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எங்கே இருக்கிறது?

மார்ச் 11

மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எந்தப் பிரிட்ஜ் பயன்படுத்தினார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாண்டலின் என்றதும் நம்மவர்கள் நெஞ்சில் எழும் முகம் அவருடையதுதான், கேள்வி நியாயம். ஆனால் யு. ஸ்ரீனிவாஸ் வாசித்தது உள்ளீடற்ற மரக்கூட்டால் ஒலிக்கும் வாத்தியமல்ல. கட்டை உடல் கொண்ட மின் மாண்டலின். இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஒற்றைத் தந்திகளாக, ஐந்து தந்திகள் வைத்துக்கொண்டார். கமகத்துக்குத் தந்தியை இழுக்க அதுவே தோது. ஒலியைப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி) எடுத்துக்கொள்கிறது, பலகையை ஆட்டும் வேலை பிரிட்ஜுக்கு இல்லை. அதனால் இங்கே பேசும் எடைக் கணக்கு அவருடைய வாத்தியத்துக்குப் பொருந்தாது. 2014இல் 45 வயதில் அவர் மறைந்த செய்தி வந்த நாளில் என்னால் எதையும் வாசிக்க முடியவில்லை. இன்றும் எழுதும்போது கை தயங்குகிறது.

மார்ச் 22

கிப்சனின் பழைய ஊரான கலமசூவுக்குப் போய் வந்தேன். எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். பார்சன்ஸ் தெருவில் 1917இல் கிப்சன் எழுப்பிய செங்கல் தொழிற்சாலையும் உயரமான புகைபோக்கியும் இன்றும் நிற்கின்றன. கிப்சன் 1984இல் அங்கே வேலையை நிறுத்தி நாஷ்வில்லோடு நின்றுவிட்டது. இடம்பெயர மனமில்லாத ஊழியர்கள் சிலர் மறு ஆண்டே ஹெரிடேஜ் என்ற பெயரில் அதே கட்டடத்தில் கித்தார் செய்யத் தொடங்கினார்கள். உங்கள் மாண்டலின் அந்தக் கட்டடத்தின் வயதுடையது. என்னுடையது அதைவிட மூத்தது. தெருவில் நின்று பார்த்தேன். பிரிட்ஜ் ஒன்றைச் செதுக்க எனக்கு ஒரு வார இறுதி தேவைப்பட்டது. அங்கே ஒருவர் நாள் முழுவதும் அதையே செய்துகொண்டிருந்திருப்பார். அவர் கையின் வேகம் எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு வீடு வந்து சேரும் வரை விடவில்லை.

ஏப்ரல் 6

பெட்டியின் அறையில் பழைய ஒரே துண்டு பிரிட்ஜ் கிடைத்துவிட்டதா! அதைப் போட்டதும் ஏ தந்தி மட்டும் மேலே போகப் போகச் சுருதி ஏறுகிறது என்கிறீர்கள். பிரிட்ஜ் கோணலாகவும் இல்லை, கெட்டும் போகவில்லை. அந்தக் காலத்தில் ஏ தந்தியும் கம்பி சுற்றிய தந்தி. அதற்கேற்ற இடத்தில் பிரிட்ஜின் உச்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். இன்று நாம் போடுவது சுற்றில்லாத வெறும் எஃகுத் தந்தி. அது தடித்த எஃகு என்பதால் அழுத்தும்போது அதிகமாகச் சுருதி ஏறும். அதன் தாங்குமுனை இன்னும் பின்னால், வால்தகட்டை நோக்கி, இருக்க வேண்டும். இன்றைய பிரிட்ஜ்களின் உச்சியைப் பாருங்கள். இ முன்னால், ஏ பின்னால், டி முன்னால், ஜி பின்னால் என்று வளைந்து வளைந்து போகும். பழையதில் அந்த நெளிவு வேறு மாதிரி.

இரண்டு வழிகள் உண்டு. சுற்றிய ஏ தந்தியைத் தேடி வாங்கிப் போடலாம், இன்றும் கிடைக்கிறது, வாத்தியத்தின் குரலும் பழையபடி சற்று மென்மையாகும். இல்லாவிட்டால் அந்தப் பிரிட்ஜை அப்படியே பெட்டியில் வைத்துவிட்டு அதன் அளவில் புதிதாக ஒன்றைச் செதுக்கி இன்றைய நெளிவை வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, அந்த நூறாண்டு பிரிட்ஜின் உச்சியையே அரத்தால் சீவிச் சரிசெய்யலாம் என்று உங்களுக்குத் தோன்றும். கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள்.

சுருதி பார்க்கும் முறை தெரிந்ததுதான். 12ஆம் ஃப்ரெட்டில் விரலை மேலாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் உயர்ந்து கேட்டால் பிரிட்ஜைப் பின்னால் நகர்த்த வேண்டும், தாழ்ந்து கேட்டால் முன்னால். முதலில் இ, பிறகு ஜி. இரண்டு ஓரமும் நின்றால் நடுவில் உள்ளவை நெளிவைப் பொறுத்து அமையும். நகர்த்தும்போது தந்தியைத் தளர்த்தாமல் தள்ளினால் பாதம் வார்னிஷில் கோடு போடும்.

ஏப்ரல் 7

சுற்றிய ஏ வாங்குவதாக முடிவு செய்ததில் மகிழ்ச்சி. மெல்லிய தந்திக் கட்டாகப் பாருங்கள், இ தந்தி 0.010 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். முட்டைத் துளை மாண்டலின்களில் பலகை ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே உள்வாங்குவது சாதாரணமாக வரும் நோய். சிறு கண்ணாடியை உள்ளே விட்டு அந்தக் குறுக்குச் சட்டம் பலகையோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சட்டம் விட்டுப்போயிருந்தால் பிரிட்ஜ் பேச்சையெல்லாம் நிறுத்திவிட்டு நல்ல கைத்தொழிலாளி ஒருவரிடம் கொண்டுபோங்கள். இதை முதல் நாளே எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மே 12

மதுரையிலிருந்து ஒருவர் தாத்தா வைத்திருந்த இத்தாலிய மாண்டலினின் படம் அனுப்பியிருக்கிறார். பானை முதுகு, தந்தத்தைப்போல் மின்னும் எலும்புத் துண்டு வைத்த சின்னப் பிரிட்ஜ். ஐயா, இங்கே எழுதிய எதையும் அதில் அப்படியே செய்துவிடாதீர்கள். நேப்பிள்ஸ் பாணி மாண்டலினின் மேற்பலகை செதுக்கிய வளைவு அல்ல. தட்டையான பலகையைப் பிரிட்ஜுக்குச் சற்றுப் பின்னால் மடித்திருப்பார்கள். பிரிட்ஜ் மடிப்புக்கு முன்னால்தான் நிற்க வேண்டும், மடிப்பின்மேல் ஏறக் கூடாது. தந்தி நீளமும் குறைவு, 33 செ.மீ. அளவு. மெல்லிய பலகை அது. கிப்சனுக்கான தந்திகளைப் போட்டால் தாங்காது. அந்த வகைக்கென்று விற்கும் மிக மெல்லிய தந்திகளை மட்டும் போடுங்கள். பாதம் படிய வேண்டும் என்ற ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது.

ஜூலை 14

பிப்ரவரியில் படிய வைத்த பாதத்தில் மீண்டும் வெளிச்சம் தெரிகிறதா? எதிர்பார்த்ததுதான். குளிர்காலத்தில் இங்கே வீட்டைச் சூடாக்கி வைக்கும்போது உள்ளே ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பலகை வறண்டு தாழ்ந்திருக்கும். இப்போது கோடை ஈரத்தில் அதே பலகை ஊதி மேலெழுந்திருக்கிறது. வளைவு மாறியதும் பாதத்தின் படிவும் மாறுகிறது. பிப்ரவரிக் குறிப்பில் இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: வாத்தியத்தைச் சில நாள்கள் 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்த பிறகே தேய்க்கும் வேலையைத் தொடங்குவது நல்லது. பெட்டிக்குள் ஈரப்பதம் காக்கும் பை ஒன்றைப் போட்டு வையுங்கள். கோடைக்கு ஒரு முறை குளிர்காலத்துக்கு ஒரு முறை என்று சுரண்டிக்கொண்டே போனால் பாதம் தேய்ந்துபோகும். மெல்லிய தாள் ஓரத்தில் நுழைந்து சிக்கிக்கொள்ளும் அளவு இடைவெளியை அப்படியே விட்டுவிடலாம்.

ஜூலை 20

புதிதாகச் செதுக்கிய ஈட்டி மரப் பிரிட்ஜின் படம் அழகாக இருக்கிறது. தோள்கள் என்னுடையதைவிட நேர்த்தி. தந்திக் குழி பற்றிக் கேட்டீர்கள்: ஆழம் தந்தியின் தடிமனில் பாதி போதும், தந்தியின் மேல்பாதி வெளியே தெரிய வேண்டும். ஆழமாக அறுத்துவிட்டால் தந்தி பக்கச் சுவரில் உரசி இரையும். அரத்தை வால்தகட்டை நோக்கிச் சரிவாகப் பிடியுங்கள். குழியின் மிக உயரமான இடம் ஃப்ரெட் பக்க விளிம்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை பாடுபட்டுச் சேர்த்த ஸ்வர சுத்தம் மீண்டும் ஆடும். இ தந்திக்கு அரம் வேண்டாம், கூரான கத்தியால் ஒரு கீறல் போதும். கடைசியில் மிருதுவான பென்சில் முனையை ஒவ்வொரு குழியிலும் ஒரு முறை இழுத்துவிடுங்கள், சுருதி சேர்க்கும்போது தந்தி சிக்காமல் வழுக்கும்.